இடமிருந்து மூன்றாவது

பிளாக் 18, நெய்வேலி
23-9-1984, ஞாயிறு

மதிப்பிற்குரிய கொளஞ்சி அண்ணனுக்கு,

விஜயகுமாரி எழுதுவது. நான் உங்களுக்குக் கடிதம் எழுதலாமா என்று தெரியவில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் காபியை வைத்துவிட்டு உள்ளே போனவள்தான் நான். நேரில் நான்கு வார்த்தை பேசாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுத வந்திருப்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். முகவரியை மந்தாரக்குப்பத்தில் உங்கள் வீட்டில் வீராயி அக்காவிடம் வாங்கினேன். அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம். மூன்று நாள் வாசலில் போய் நின்றபிறகுதான் கொடுத்தார்கள்.

அப்பா போய் இன்றோடு ஏழு வாரம். நீங்கள் காரியத்துக்கு வராததைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்களுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது என்று தெரியும். என்ன காரணம் என்று அப்பா சொல்லவில்லை. ஜூலை மாதம் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து, "இனிமே கொளஞ்சி வரமாட்டான்" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அப்பா தாழேரிக்குப் போன அன்று காலையில் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. உங்களுக்குத் தெரியும், அப்பா வாளை மீனுக்காக வீட்டு ஸ்பூன்களை எடுத்துக்கொண்டுபோய் காம்பை வெட்டி, துளை போட்டு, தூண்டில் முள்ளைக் கோத்துவிடுவார். மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டில் ஸ்பூனே இல்லாமல் போயிற்று. அன்று எடுத்தது ஊறுகாய் ஜாடியில் கிடந்த பெரிய ஸ்பூன். அம்மா கத்தினாள்: "ஞாயித்துக்கெழம ஆனா ஏரி ஏரின்னு. அம்புட்டு ஆசையா இருந்தா அங்கயே போயிக் கெடக்க வேண்டியதுதான?"

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டே, "கெடந்துட்டாப் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு நினைவில் இல்லை. வார்த்தை மட்டும் இருக்கிறது. தான் சொன்னதால்தான் அப்பா போய் உயிரை விட்டார் என்று நம்புகிறாள். ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள், அதுவும் தண்ணீர் ஊற்றிய சோறு. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்து யாராவது ஆறுதல் சொல்ல வந்தால், "நாந்தான் அனுப்பி வச்சேன்" என்கிறாள். வந்தவர்கள் அடுத்த முறை வருவதில்லை.

அப்பா அங்கே இறக்கத்தான் போனாரா, மீன் பிடிக்கத்தான் போனாரா? அவர் மனதில் என்ன இருந்தது என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் ஏரியில் பக்கத்துப் பக்கத்து லாரி ட்யூபில் மிதந்து மீன் பிடித்தவர்கள். தெரிந்ததை இரண்டு வரி எழுதினால் போதும். அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

பணிவுடன்,
விஜயகுமாரி


மேட்டூர் டேம்
8-10-84

பாப்பாவுக்கு,

உன் லெட்டர் வந்திச்சு. எனக்கு அஞ்சாங்கிளாஸ் எழுத்துதான். பேசுறாப்புலதான் எழுத வரும். நீ பி.எஸ்சி. படிச்ச பொண்ணு, பாத்து சிரிக்காத.

காரியத்துக்கு நான் ஏன் வரலன்னா, போலீஸ் டேசன்ல என்னைக் காலைலேர்ந்து பொழுது சாயுற மட்டும் குந்த வச்சிக்கினு, ரெண்டு பேருக்கும் என்னாய்யா சண்டை, என்னாய்யா சண்டைன்னு கேட்டாங்க. வுட்டப்புறம் ஊர்ல நாலு பேரு என் மூஞ்ச ஒரு மாதிரி பாத்தாங்க. அந்த மூஞ்சோட உங்க வூட்டு வாசல்ல எப்படி வந்து நிக்கறது? எங்க மச்சான் இங்க டேம்ல பரிசல் ஓட்டறாரு. கெளம்பி வந்துட்டேன். வலை போடறது, எடுக்கறது, அதான் வேலை.

சண்டை என்னான்னு நீயும் கேக்கற, சொல்லிடறேன். பத்து வருசமா சுரங்கத்துல பெல்ட்டாண்ட மண்ணு வழிக்கிறேன், காண்ட்ராக்டுல. ஜூலையில பர்மனென்டுக்கு ஆள் எடுத்தாங்க. எனக்காக ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றேன்னு உங்கப்பா, சாரு, சொன்னாரு. அன்னிக்கி ஆபீசர் பக்கத்துலயே நின்னாரு. நான் எதுக்க நிக்கறேன். வாயத் தொறக்கல. வேர்த்து வழிஞ்சிக்கினு நின்னாரு. ஆபீசர் போயிட்டாரு.

நான் கேட்டேன். எங்க களத்து மேல ஏறி நின்னு மீன் புடிக்கத் தெரியுது, எனக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியலியான்னு கேட்டேன். சாரு ஏறி நின்னு தூண்டி போடற அந்தப் பாறை எங்க களம் பாப்பா. ஏரிக்கரைய ஒசத்தறதுக்கு முன்னாடி எங்கப்பன் அதும்மேலதான் நெல்லு அடிச்சாரு. இப்ப இடுப்பளவு தண்ணியில கெடக்குது. அதனாலதான் கண்ண மூடிக்கினு போனாலும் எனக்கு எடம் தெரியும்.

சாரு தலையக் குனிஞ்சிக்கினு போயிட்டாரு. அதான் கடைசி. நல்லவருதான். வாய்தான் இல்ல.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். வாளைங்கிறது வருசத்துக்கு ஒண்ணு மாட்டுனா பெருசு. வெளிச்சம் வர்ற நேரத்துல பாறை விளிம்புல ஏறும், வெயிலு வந்தா எறங்கிடும். போன தையில ஒண்ணு, ஆளு தொடை தண்டி இருக்கும், சாரு வீசுன ஸ்பூனுக்குப் பின்னாலயே வந்திச்சு. காலுகிட்ட வந்து நின்னு மூஞ்சப் பாத்திச்சு. திரும்பிப் போயிடிச்சு. நான் தலையில கைய வச்சிக்கினேன். சாரு சொல்றாரு, "அதுக்கு ஸ்பூனு சிறுசா தெரியுது கொளஞ்சி. எங்க வீட்டு ஊறுகா ஸ்பூனு ஒண்ணு இருக்கு. அவ அசந்த நேரமாப் பாத்து கொண்டாரேன்"னாரு. ஆறு மாசமா அந்த ஸ்பூனத்தான் சொல்லிக்கினு இருந்தாரு.

சாவப் போறவன் ஊறுகா ஸ்பூன எதுக்குப் பாப்பா எடுத்துக்கினு போறான்? இத உங்கம்மாகிட்ட சொல்லு. மீன் புடிக்கத்தான் போனாரு. தண்ணி, தப்பிப் போச்சு. அதுக்கு மேல கேக்காத. கேட்டு ஆவப்போறது ஒண்ணுமில்ல.

கொளஞ்சிநாதன்


பிளாக் 18, நெய்வேலி
21-10-1984, ஞாயிறு

கொளஞ்சி அண்ணனுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்தேன். ஊறுகாய் ஸ்பூன் வரும் இடத்தில் அம்மா தலையை நிமிர்த்தினாள். "ஆறு மாசமாவா?" என்று கேட்டாள். அன்று இரவு சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டாள். உங்களுக்கு நன்றி சொல்லி உடனே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அரிசி களைந்துகொண்டே அம்மா கேட்டாள்: "மீன் பிடிக்கப் போனவரு பாறையிலதான எறங்கியிருப்பாரு? பாறையில இடுப்பளவு தண்ணின்னு அந்தத் தம்பியே எழுதியிருக்கு. இடுப்பளவுல ஒரு ஆம்பள எப்பிடிட்டி முழுகுவாரு?"

அப்பாவுக்கு நீச்சல் வராது. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம் நீந்துவதற்குத் தண்ணீர் ஏது? ஆனால் இடுப்பளவில் நிற்க நீச்சல் வேண்டாமே. தனியாகப் போனதால் இடம் தவறியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு அம்மா, "நீ எழுதிக் குடுத்த தாளு இருந்துச்சே" என்றாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் உட்கார்ந்து பாறைக்கு அடையாளம் சொன்னீர்கள். அப்பா, "பாப்பா, இத எழுதி வையி" என்றார். எந்தப் பனைமரத்தையும் அனல்மின் நிலையத்தின் எந்தப் புகைபோக்கியையும் ஒரே நேராக வைத்துக்கொண்டு துடுப்புப் போட வேண்டும், வலது கைப்பக்கம் கோயில் புளியமரத்துக்குப் பின்னால் மறையும்போது ட்யூபை நிறுத்திவிட வேண்டும் என்று எல்லாம் தெளிவாக எழுதியிருந்தேன். அடியில் படமும் போட்டேன். அப்பா அதைப் பார்த்து, "இது கையில இருந்தா குருடன்கூடப் போயிருவான்" என்றார். பட்டம் வாங்கியபோதுகூட அப்பா அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

நீங்கள் வராததால் அந்த ஞாயிறுதான் அப்பா முதல்முறையாகத் தனியாகப் போனார். சனிக்கிழமை மாலை தாளைத் தேடி எடுத்து அவர் சட்டைப் பையில் நான்தான் வைத்தேன். கரையில் கிடந்த பொருள்கள் என்று சைக்கிள், டிபன் பாக்ஸ், செருப்பு, சட்டை எல்லாம் திரும்பி வந்தன. பையில் தாள் இல்லை.

வீராயி அக்காவைக் கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியாது என்றார்கள். பிறகு, "அதான் அத்தனையும் பண்ணது எங்க வூட்டு ஆளுதான, முங்கித் தூக்குனதும் அதுதான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அப்பாவை வெளியே எடுத்தவர் நீங்கள் என்று இதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களும் எழுதவில்லை. ஒரு பக்கம் முழுக்க ஸ்பூனைப் பற்றி எழுதத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதத் தோன்றவில்லையா?

தாள் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். அது சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்பா அதைப் பையில் வைத்துக்கொண்டு பாறையைத் தேடித்தான் போனார் என்று அம்மாவிடம் காட்ட எனக்கு வேறு எதுவும் இல்லை.

விஜயகுமாரி


மேட்டூர் டேம்
18-11-84

பாப்பாவுக்கு,

இந்தப் பக்கம் பத்து நாளா பஸ்ஸும் இல்ல, தபாலும் இல்ல. அது ஒரு சாக்கு. பஸ்ஸு ஓடியிருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். நாலு இன்லண்டு வாங்கி நாலையும் கிழிச்சிட்டேன்.

தாள் எங்கிட்டதான் இருக்குது. எடுத்தது நாந்தான். அனுப்ப மாட்டேன்.

ஏன்னு கேப்ப. நீ வுடமாட்ட. சாரு வாயத் தொறக்காத ஆளு, நீ எழுதித் தள்ளுற ஆளு, ஆனா புடிச்சா வுடாத கொணம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அதனால சொல்லிடறேன். படிச்சிட்டுக் கிழிச்சிப் போட்டுடு.

அன்னிக்கி ஒம்பது மணி இருக்கும். ஆடு மேய்க்கிற கெழவன் வந்து, ஏரியில ஒரு ட்யூபு ஆளில்லாம சுத்திக்கினு கெடக்குதுன்னான். எனக்கு வேற யாரும் நெனப்புல வரல. ஓடுனேன். ஆடிக் காத்து, அலை அடிக்குது. ட்யூபு எங்க களத்துக்கிட்ட இல்ல பாப்பா. வடக்கால, செம்பாறாங்கல்லு வெட்டி எடுத்த பள்ளத்து மேல கெடந்திச்சு. அங்க மூணு ஆளு ஆழம். முங்கிப் பாத்தேன். மூணாவது தடவை கை பட்டிச்சு. அந்த ஸ்பூனு வெரல்ல சுத்துன தூண்டி நரம்போட கூடவே வந்திச்சு.

கரையில போட்டுட்டுக் குந்திக்கினு, ஏன் சாரு இங்க வந்தாருன்னு எனக்கு ஓடல. ஒத்தப் பனைக்கு அடியில சட்டைய மடிச்சி வச்சிருந்தாரு. பையில தாளு. எடுத்துப் படிச்சேன். அடையாளம் எல்லாம் நான் சொன்னதுதான். ஒண்ணு மட்டும் நான் சொன்னாப்புல இல்ல.

நான் என்னா சொன்னேன்னா, கழுத்தாண்ட காக்கா எச்சம் கணக்கா வெள்ளையா வழிஞ்சிருக்குமே, அந்த சிம்னின்னு சொன்னேன். தாள்ல அது இல்ல. இடமிருந்து மூன்றாவதுன்னு இருந்திச்சு.

நிமிந்து பாத்தேன். இடக்கைப் பக்கம் கடைசியில புதுசா ஒண்ணு நிக்குது. பொங்கலப்ப அது இல்ல. ஆனி ஆடியில மரத்துக்கு மேல கெளம்பி வந்திச்சு, ஒரு நாளைக்கி ஒரு ஆளு ஒசரம் ஏறிக்கினு. அதையும் சேத்து எண்ணுனா மூணாவது வேற சிம்னி. அதப் பனையோட நேரா வச்சிக்கினு போனா கல்லு வெட்டுன பள்ளத்துக்குத்தான் போவும். சாரு எண்ணிப் பாத்து, நேரா போயி, கோயிலு மறைஞ்சதும் நிறுத்தி, நிக்கலாமுன்னு காலை எறக்கியிருக்காரு.

தாளை மடிச்சி டவுசர்ல வச்சிக்கினேன். டேசன்ல கேட்டப்பவும் சொல்லல. சொல்லியிருந்தா என்னைச் சீக்கிரம் வுட்டிருப்பாங்க.

உம்மேல தப்பு இல்ல. கழியப் போட்டு ஆழம் பாத்துட்டு எறங்குன்னு நான் சொல்லணுமா இல்லியா? நான் எப்பவும் போட்டுப் பாப்பேன். கை தானா செய்யிறது, சொல்லணுமுன்னு தோணல. அப்பறம், நான் ரோஷம் பாக்காம கூட வந்திருந்தா தாளே வேண்டாம். இங்க ராத்திரி படுத்தா இதுதான் ஓடுது. தண்ணி எறங்குனா இந்த டேமுக்குள்ள பழைய ஊரு கோயிலு தலை தெரியும். எல்லாரும் பாக்கப் போவாங்க. நான் போவறதில்ல.

உங்கம்மா அழுவட்டும். வயசானவங்க, அழுதா ஆறிடும். நீ இருபத்திரெண்டு வயசுப் பொண்ணு. கார்த்திகை தீபத்தன்னிக்கி தாளைக் கொளுத்திடறேன். நமக்கு ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.

கொளஞ்சி


பிளாக் 18, நெய்வேலி
2-12-1984, ஞாயிறு

கொளஞ்சி அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அம்மா வாசலில் இருந்தாள். உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "என்ன எழுதியிருக்கு? படி" என்றாள். நான் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மேட்டூரில் நல்ல மழையாம், வலையில் மீன் சரியாக விழவில்லையாம் என்று படித்தேன். ஒரு பக்கம் முழுக்க மழையைப் பற்றிப் படித்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ரேஷன் கார்டு முதல் கோவில்பட்டியிலிருந்து மாமா போடும் கார்டு வரை நான் படிப்பதுதான் அவளுக்கு எழுத்து. முடித்ததும், "பாவம், அந்தத் தம்பி" என்றாள்.

மறுநாள் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாழேரிக்குப் போனேன். அதுவரை போனதில்லை. மழை விட்டிருந்தது. ஒற்றைப் பனை அடியில் நின்று எண்ணினேன். பிறகு புதியதை விட்டுவிட்டு எண்ணினேன். நீங்கள் சொன்ன வெள்ளை வழிசல் அங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது. மழை இத்தனை பெய்தும் கரையவில்லை. ஏரியில் பாறை இருக்கும் இடமும் பள்ளம் இருக்கும் இடமும் ஒரே மாதிரிதான் இருந்தன. தண்ணீர்தான்.

அன்று நீங்கள் சொன்னதை நான் ஏன் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். காக்கை எச்சம் போல என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. படித்தவள் எழுதுகிற மாதிரி இல்லையே என்று நினைத்தேன். வெள்ளை அடித்தால் போய்விடும், மழையில் கரைந்துவிடும், எண் மாறாது என்று நினைத்தேன். கணிதத்தில் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் சும்மா இருந்தவளுக்கு வீட்டில் கிடைத்த முதல் வேலை அது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் நான்கடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது.

கழி போடச் சொல்லவில்லை என்று நீங்கள் உங்களை நொந்துகொள்கிறீர்கள். வேண்டாம். அப்பா உங்களுக்காக அன்று பேசாமல் நின்றதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவரும் நானும் ஒரே வார்ப்பு. தொண்டை வரை வரும். அதற்கு மேல் வராது.

அம்மாவிடம் சொல்லிவிட மூன்று முறை போனேன். முதல் முறை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று திரும்பிவிட்டேன். தூங்கவில்லை, தெரியும். இரண்டாம் முறை, "அம்மா, அந்தத் தாளு" என்று தொடங்கினேன். "அத வச்சு வழி தெரிஞ்சும் போகாத எடத்துக்குப் போனாரே, எம் பேச்சுதான அப்பிடிச் சுட்டிருக்கு" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. மூன்றாம் முறை நடந்ததை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் என் தலையைத் தடவினாள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் இடத்தில் எனக்கு ஆபீஸில் வேலை கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தை நானே எழுதினேன். அங்கிருந்த கிளார்க் அதைத் தூக்கிப் பிடித்து, "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா, உனக்கு ரெஜிஸ்டர் எழுதற சீட்டுதான்" என்றார். பதினேழாம் தேதி சேர வேண்டும். எப்படிப் போய் உட்கார்ந்து எழுதப்போகிறேன் என்று தெரியவில்லை. போகாமல் இருக்கவும் வழியில்லை.

அம்மா என்னோடு இருக்க மாட்டாள். இந்த ஊர்த் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை என்கிறாள். பதினைந்தாம் தேதி மாமா வந்து கோவில்பட்டிக்கு அழைத்துப்போகிறார். நேற்று அவள் சேலைகளை மடித்து வைத்தாள். மொத்தம் நான்குதான் எடுத்தாள். மற்றதெல்லாம் உனக்கு என்றாள். அங்கே போய் அவள் அதிக நாள் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இதே நினைப்போடு போய்விடுவாள்.

வயதானவர்கள் அழுதால் ஆறிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா அழுவதில்லை அண்ணா. அழுதிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதாமலே இருந்திருப்பேன்.

கார்த்திகை தீபம் இன்னும் வரவில்லை. வந்தாலும் அந்தத் தாளைக் கொளுத்தாதீர்கள். எனக்கு அனுப்பவும் வேண்டாம். என் கைக்கு வந்தால் நான் அதையும் மழை என்று படித்துவிடுவேன்.

பதினைந்தாம் தேதிக்குள் ஒரு நாள் நீங்கள் இங்கே வர வேண்டும். நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்றீர்கள். இருக்க வேண்டாம். மேட்டூரிலிருந்து வர ஒரு நாள் ஆகும், வேலை கெடும், ஊரில் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள், எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். நீங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தாளை அம்மாவின் கையில் கொடுங்கள். "சாரு இதப் பாத்துத்தான் போனாரு, இதுதான் தப்பு" என்று மட்டும் சொல்லுங்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்து வருஷம் என் நோட்டுகளை அடுக்கி வைத்தவள். என் எழுத்தைப் பார்த்தால் தெரியும்.

நான் அடுப்படியில் இருப்பேன். என்னைக் கூப்பிட வேண்டாம். அவளே கூப்பிடட்டும்.

விஜயகுமாரி